ஏழாம் படிக்கு அப்பால்

எங்கள் ஊர்க் குளத்துக்கு ஏழு படி. ஜூன் மாத இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் இரண்டுதான் வெளியே தெரியும். மாசி, பங்குனியில் ஐந்து வரைக்கும் எண்ணலாம். ஏழாவதை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. காலுக்குத்தான் அதைத் தெரியும். இடது ஓரம் உடைந்திருக்கும், பாசி வழுக்கும், பெருவிரலை மடக்கி ஊன்றினால்தான் நிற்கலாம். அதற்கு அப்பால் காலை நீட்டினால் ஒன்றும் இருக்காது. தண்ணீர் மட்டும் குளிர்ந்துகொண்டே போகும்.

பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க எங்கள் பக்கம் வேறு வழியெல்லாம் கிடையாது. ஏழாம் படியிலிருந்து மாமனோ சித்தப்பனோ யாராவது ஒருவர் தள்ளிவிடுவார். நாலு மடக்குத் தண்ணீர் குடித்து, எப்படியோ திரும்பி வந்து படியைப் பிடித்தால் பாஸ். பத்து வயதில் அந்தக் குளத்தை நிற்காமல் எட்டுத் தடவை குறுக்கே கடப்பேன். ஆடி அமாவாசைக்குக் குழித்துறை வாவுபலித் திருவிழா பார்க்கப் போனால், பொருட்காட்சியைவிட ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் போட்டி போட்டு நீந்துவதுதான் எங்களுக்கு முக்கியம். எனக்கு நீந்தத் தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பதினெட்டு வயதில் திருவனந்தபுரத்தில் ஒரு நீச்சல்குளத்தில் இறங்கிய அன்று ஒருவர் சொன்னார். சிரிப்பு வரவில்லை.

வீடு தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், விளவங்கோடு தாலுகா. கல்லூரி அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில். கூடப் படித்தவன் ஒருவன் வாட்டர் போலோ என்கிற தண்ணீர்ப் பந்தாட்டம் ஆடிக்கொண்டிருந்தான். அவர்கள் 'போலோ' என்று மட்டும்தான் சொல்வார்கள். "நீ குளத்துக்காரன்தானே, வா" என்று கூப்பிட்டான். வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "குதிரை ஆரு தருவா?" சிரிக்க வேண்டாம், அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. போலோ என்கிற சொல்லே பால்டி மொழியில் பந்தைக் குறிக்கும் 'புலு'விலிருந்து வந்தது. நம் வடக்கு மலைப் பக்கத்துச் சொல்லை வெள்ளைக்காரன் குதிரையோடு சேர்த்துக் கொண்டுபோனான். 1870களில் ஸ்காட்லாந்தில் தண்ணீரில் பந்து விளையாட்டு ஒன்றை ஒழுங்குபடுத்தி வில்லியம் வில்சன் விதி எழுதினார். அதற்கும் பிறகு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. குதிரை வழியில் எங்கோ இறங்கிவிட்டது.

முதல் நாள் விடியற்காலை நான் செய்த காரியம் அந்தக் கிளப்பில் ரொம்ப நாள் பேசப்பட்டது. குளிக்கப் போகிறவன் எண்ணெய் தேய்க்காமல் போவானா? உச்சி முதல் உள்ளங்கால் வரை தேங்காய் எண்ணெய். அம்மாவே தேய்த்துவிட்டாள். சட்டையெல்லாம் ஊறி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். அங்கே போய்ச் சட்டையைக் கழற்றி, எங்கள் குளத்தில் சாடுவதுபோல ஓடிவந்து ஒரே சாட்டம். தலையைத் தூக்கினால் என்னைச் சுற்றி வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் விரிகிறது.

கரையில் சார் நின்றிருந்தார். ஒரு காலத்தில் ரயில்வே அணியில் கோல்கீப்பராக இருந்தவர், தோள் இரண்டும் கதவு அகலம். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "எடா, நீ நீந்தான் வந்நதோ, பொரிக்கான் வந்நதோ?"

இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரச் சொன்னார். அப்புறம்தான் காரணம் சொன்னார். போலோவில் உடம்பில் எண்ணெயோ கிரீஸோ பூசிக்கொண்டு இறங்கக் கூடாது, அது விதி. எதிரி பிடித்தால் வழுக்குமே! மேட்சுக்கு முன்னால் நடுவர் வரிசையாக நிறுத்தி நகத்தைக்கூடத் தடவிப் பார்ப்பார். நகம் நீண்டிருந்தால் அங்கேயே வெட்டிக்கொள்ள வேண்டும். எண்ணெய்க்கும் நகத்துக்கும் தனியாக விதி எழுத வேண்டிவந்தது என்றால், தண்ணீருக்குள் என்ன நடக்கும் என்று அன்றைக்கே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

திரும்பி வந்ததும் ஆழமான பக்கம் அழைத்துப் போனார். "கை ரெண்டும் மேலே" என்றார். தூக்கினேன். மூழ்கினேன். மறுபடியும் தூக்கினேன், மறுபடியும் மூழ்கினேன். பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இரண்டு கையையும் காதோடு ஒட்டித் தூக்கிக்கொண்டு, நெஞ்சுவரை தண்ணீருக்கு மேலே, ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவளைப்போல இருந்தாள். அவள் காலடியில் படி இருக்கிறதோ என்று முங்கிப் பார்த்தேன். இல்லை. முழங்கால் இரண்டும் அகன்று, நாற்காலியில் உட்கார்ந்த வாக்கில் இருக்க, முழங்காலுக்குக் கீழே கால்கள் மட்டும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருந்தன. வலது கால் ஒரு பக்கமாக, இடது கால் எதிர்ப்பக்கமாக. இதற்கு 'எக் பீட்டர் கிக்' என்று பெயர். எங்கள் வீட்டில் முட்டையைக் கரண்டியால்தான் அடிப்போம், அதனால் எனக்கு அந்தப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மத்தை ஒரே பானையில் போட்டு எதிரெதிராகக் கடைவதைப்போல என்று நானே வைத்துக்கொண்டேன்.

"உனக்கு நீந்தத் தெரியாது, போகத் தெரியும்" என்றார் சார். குளத்தில் வளர்ந்த எங்களுக்கு நடுவில் நிற்க வேண்டிய தேவையே வந்ததில்லை. களைத்தால் படி, இல்லாவிட்டால் சேறு, அதுவும் இல்லாவிட்டால் மல்லாந்து மிதப்பு. போலோவில் தரையைத் தொடக் கூடாது, ஓரத்தைப் பிடிக்கக் கூடாது. ஒரு பந்தை எறிய வேண்டுமென்றால் இடுப்புவரை மேலே எழ வேண்டும். ஊன்றிக்கொள்ள ஒன்றும் இல்லாத இடத்தில் எழுவது எப்படி? நாலு மாதம் பந்தையே கொடுக்கவில்லை. ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் நிறைத்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் பாடம். முதல் வாரம் எட்டு நொடி. நாலாம் மாதக் கடைசியில் இரண்டு நிமிடம். இடுப்பு மூட்டு இரண்டும் கழன்றுபோன மாதிரி வலிக்கும். பஸ்ஸில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் களியக்காவிளையைத் தாண்டி ஒரு ஸ்டாப் போய் இறங்கியிருக்கிறேன்.

ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தண்ணீரில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். ஓர் அணிக்கு வெள்ளைத் தொப்பி, இன்னோர் அணிக்கு நீலம், கோலிக்குச் சிவப்பு. தொப்பியில் காதுக்கு மேலே பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கும், செவிப்பறை கிழியாமலிருக்க. கோல் 3 மீட்டர் அகலம், தண்ணீருக்கு மேலே 90 சென்டிமீட்டர் உயரம். கோல்கீப்பரைத் தவிர யாரும் ஒரு நேரத்தில் ஒரு கையால்தான் பந்தைத் தொடலாம். நான் ஆடிய நாளில் பந்து கைக்கு வந்து 35 நொடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும், அப்புறம் அதைக் குறைத்துவிட்டார்கள். கால் பகுதிகள் நான்கு. இப்போது ஒவ்வொன்றும் 8 நிமிடம், ஆனால் விசில் அடிக்கும்போதெல்லாம் கடிகாரம் நிற்பதால் அந்த 8 நிமிடம் லேசில் முடியாது.

இதெல்லாம் மேலே நடப்பது. எனக்குப் பிடித்துப்போனது ஒரு விதி. பந்து கையில் இருப்பவனை நீங்கள் பிடிக்கலாம், இழுக்கலாம், முக்கவும் செய்யலாம். அவன் பந்தை விட்ட அடுத்த கணம் அவனைத் தொட்டால் தப்பு உங்கள் மேல். அதனால் நெருக்கடி வந்தால் கெட்டிக்காரன் பந்தை இறுகப் பிடிக்க மாட்டான், சும்மா விட்டுவிடுவான். பந்து அவன் மூக்குக்கு முன்னால் மிதந்துகொண்டிருக்கும், உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆறு மாதம் எனக்கு இது மண்டையில் ஏறவில்லை. கையில் வந்ததை விடாதே என்று வளர்த்த பிள்ளை.

பிடிக்காத விதியும் ஒன்று உண்டு. உங்கள்மேல் ஆள் விழுந்திருக்கும்போது பந்து முழுசாகத் தண்ணீருக்குள் போனால் அது உங்கள் தப்பு. அவனே உங்கள் கையை அமுக்கிப் பந்தை முக்கியிருந்தாலும் சரி, விசில் உங்களுக்குத்தான். முதல் மேட்சில் எனக்கு அது மூன்று தடவை நடந்தது. நான் நடுவரைப் பார்த்துக் கையை விரித்தேன். கையை விரித்ததில் மூழ்கினேன். கரையில் இருந்து சிரிப்புச் சத்தம் தண்ணீருக்குள்ளேயே கேட்டது.

என் இடம் சென்டர் பேக். எதிரணியில் கோலுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பானே, அந்த மலை மாதிரி ஆளைக் கட்டி நிறுத்துவது வேலை. அவன் பின்புறம் என் வயிற்றில் இடிக்கும், குதிகால் தொடையில் விழும், இடது கை என் காஸ்ட்யூமைப் பிடித்திருக்கும், முகம் மட்டும் நடுவரைப் பார்த்துப் பாவமாக இருக்கும். அதனால்தான் பலர் இரண்டு காஸ்ட்யூம் போட்டு இறங்குவார்கள், ஒன்று கிழிந்தாலும் மானம் தப்பும். காலரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு தலை பக்கத்தில் பக்கத்தில் மிதப்பதுதான் தெரியும். என் அப்பா ஒரு தடவை பார்க்க வந்தார். "நீ என்னத்த செய்த? சும்ம அவனுக்க கூட நின்னியே" என்றார் திரும்பும்போது. தொடையில் நீலம் பாரித்திருந்ததைக் காட்டினேன். "யாருக்க கூடயாவது அடிபிடியா?" என்றார்.

சார் ஓய்வு நேரத்தில் சச்சின் நாக் கதையைச் சொல்வார். அதைச் சொல்லாமல் இந்தியாவில் போலோவைப் பற்றி யாரும் பேச முடியாது. 1947இல் கல்கத்தா கலவரத்தில் அவர் காலில் குண்டு பாய்ந்தது. அடுத்த வருஷம் லண்டன் ஒலிம்பிக்கில் நீச்சலுக்கும் போனார், போலோவும் ஆடினார். இந்தியா சிலி நாட்டைத் தோற்கடித்த அந்த மேட்சில் நாலு கோல் அவருடையது. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம். அதே போட்டியில் போலோ அணிக்கும் தங்கம், சிங்கப்பூருக்கு வெள்ளி. 2020இல் தயான் சந்த் விருது கொடுத்தார்கள், அவர் இறந்து பல வருஷம் கழித்து. எனக்கு அந்தக் கதையில் தங்கத்தைவிடக் கால்தான் பெரிதாகத் தெரிந்தது. குண்டு பட்ட காலை வைத்துக்கொண்டு மத்துக் கடைவது எப்படி என்று கேன் தூக்கியவனுக்குத்தான் புரியும்.

அதற்குப் பிறகு 1970இல் பாங்காக்கில் வெள்ளி, 1982இல் டெல்லியில் வெண்கலம். 1952 ஹெல்சிங்கியோடு ஒலிம்பிக்கில் நம் போலோ நின்றுபோனது. ஒரு கோடிப் பேர்கூட இல்லாத ஹங்கேரி ஆண்கள் அணி இதில் 9 ஒலிம்பிக் தங்கம் வைத்திருக்கிறது. செர்பியா 2016, டோக்கியோ, பாரிஸ் என்று வரிசையாக மூன்று.

ஹங்கேரி என்றதும் எனக்கு எப்போதும் 1956 நினைவுக்கு வரும். எங்கள் ஊரில் அந்த வருஷத்தை மறக்க முடியாது. நவம்பர் 1ஆம் தேதி திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தாத்தா வீட்டை மாற்றவில்லை, வீடு மாநிலத்தை மாற்றிக்கொண்டது. சரியாக மூன்று நாள் கழித்து ஹங்கேரியில் எழுந்த கிளர்ச்சியை அடக்க சோவியத் டாங்கிகள் தலைநகர் புடாபெஸ்டுக்குள் பெரும் படையாக நுழைந்தன. ஹங்கேரி போலோ வீரர்கள் மெல்போர்ன் போய் இறங்கிய பிறகுதான் ஊரில் நடந்தது எவ்வளவு பெரிசு என்று தெரிந்துகொண்டார்கள். டிசம்பர் 6ஆம் தேதி இறுதிச் சுற்றில் எதிரே சோவியத் அணி. 4-0 என்று ஹங்கேரி முன்னால் இருக்கும்போது, கடைசி நிமிடங்களில், சோவியத் வீரர் புரோகோபோவ் விட்ட குத்தில் ஹங்கேரி வீரர் எர்வின் சாடோரின் கண்ணுக்குக் கீழே கிழிந்து ரத்தம் கொட்டியது. கூட்டம் கரைக்கு இறங்கிவிட்டது. போலீஸ் வந்து, மேட்சை அங்கேயே முடித்தார்கள். சாடோர் கடைசி ஆட்டத்தில் இறங்க முடியவில்லை, ஹங்கேரி யூகோஸ்லாவியாவை 2-1 என்று ஜெயித்தது. அவர் அங்கிருந்து ஊருக்குத் திரும்பவில்லை, அமெரிக்கா போய் நீச்சல் பயிற்சியாளரானார். பின்னாளில் ஒலிம்பிக் நீச்சல் சாம்பியனான மார்க் ஸ்பிட்ஸ் சின்னப் பையனாக இருந்தபோது அவரிடம் கொஞ்ச காலம் பயின்றான். கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகையில் கண்ணோரம் ரத்தம் வழிய அவர் நிற்கும் படத்தைப் பார்த்தேன். மத்தியானம் ஹாஸ்டல் மெஸ்ஸில் சோறு இறங்கவில்லை.

என் கதையில் ரத்தமெல்லாம் இல்லை, ரேஷன் கார்டுதான். மூன்றாம் வருஷம் கேரள மாநில அணித் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் நேரம் வந்தது. அலுவலகத்தில் இருந்தவர் என் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தமிழ்நாடாணல்லோ" என்றார். ஆமாம், தமிழ்நாடுதான். அம்மா பிறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலை, எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். அந்தக் கார்டில் பெயரைச் சேர்த்துக்கொண்டு வா என்று அவரே வழியும் சொன்னார். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. சரி, தமிழ்நாட்டுக்கே ஆடலாம் என்று எழுதிப்போட்டால், முதல் வருஷம் கடிதம் தேர்வு முடிந்து ஒன்பது நாள் கழித்து வந்தது. அடுத்த வருஷம் குழித்துறையில் ராத்திரி ரயில் ஏறிச் சென்னை போனேன். முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் கற்ற ஆட்டத்தை எழுநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் ஆடிக் காட்ட வேண்டியிருந்தது. அங்கே இருந்த பையன்கள் வருஷக்கணக்காகச் சேர்ந்து ஆடியவர்கள். ஒருவன் தலையைத் திருப்புவதற்குள் இன்னொருவன் கை அங்கே இருக்கும். எனக்கு யார் எங்கே எறிவான் என்றே தெரியவில்லை. எடுக்கவில்லை. அவர்கள் என்னைவிட நன்றாக ஆடினார்கள் என்பதை இப்போது சொல்ல எனக்குக் கூச்சமில்லை, அன்றைக்கு இருந்தது.

கூட ஆடியவர்களில் இரண்டு பேர் ரயில்வேக்குப் போனார்கள், ஒருவன் போலீஸ். போலோவை நம்பி நம் நாட்டில் யாரும் அடுப்பு மூட்ட முடியாது. தேசிய நீச்சல் போட்டியோடு சேர்த்துத்தான் போலோவும் நடக்கும். அங்கே சர்வீசஸ் என்கிற ராணுவ அணி, ரயில்வே, போலீஸ், பெங்கால், மகாராஷ்டிரா, கேரளா என்று திரும்பத் திரும்ப அதே பெயர்கள். அதில் முதல் மூன்றும் மாநிலமே இல்லை, வேலை. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்காக ஆடுகிறார்கள் என்று சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. முப்பது வயதிலும் விடியற்காலை ஐந்து மணிக்குக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கச் சம்பளம் ஒரு காரணம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டுமே.

எல்லைக் கதை எல்லோருக்கும் என்னுடையது மாதிரி முடிவதில்லை. சஜன் பிரகாஷ் இடுக்கியில் பிறந்து நெய்வேலியில் வளர்ந்தவர். அம்மா தடகள வீராங்கனை, வேலை என்.எல்.சி.யில். 2015இல் கேரளத்தில் தேசிய விளையாட்டு நடந்தபோது கேரளத்துக்காக 6 தங்கம் எடுத்தார். 2021இல் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1:56.38இல் முடித்து, ஒலிம்பிக்கில் நேரடி இடம் தரும் ஏ தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். அந்த 6 தங்கமும் திருவனந்தபுரத்துக்கு வடக்கே பிரப்பன்கோட்டில், அம்பேத்கர் பெயரில் இருக்கும் நீச்சல்குளத்தில் எடுத்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை சில சமயம் நான் போகும் இடம் அது.

போவது அக்கா மகளுக்காக. அக்காவுக்கு அமைந்த மாப்பிள்ளை பாறசாலைக்காரர். ஆகவே பிள்ளைக்குக் கேரளத்து ரேஷன் கார்டு, ஒரு கேள்வியும் இல்லை! பதினைந்து வயது. போலோவில் கேரளத்துப் பெண்கள் அணி சாமானியப்பட்டதல்ல. 2025 தேசிய விளையாட்டில், ஹல்த்வானியில், தங்கம் அவர்களுக்குத்தான். அதைப் பத்திரிகையில் தேடினால் நாலு வரி கிடைக்கும். ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்கு 1900இல் வந்த ஆட்டம் பெண்களுக்கு வர 2000 ஆகவேண்டியிருந்தது. நாலு வரியாவது வந்ததே என்று அவள் சொல்கிறாள். எனக்கு அந்த அளவு பெருந்தன்மை இல்லை.

மேட்சுக்கு முன்னால் காலரியில் உட்கார்ந்து அவள் நகம் வெட்டுவாள். வெட்டி, அரத்தால் தேய்த்து, தன் கன்னத்திலேயே கீறிப் பார்ப்பாள். அப்புறம் என் முன்னால் கையை நீட்டி, "மாமா, நோக்கு" என்பாள். நான் ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்து, "சரி, போ" என்பேன். என் பங்கு அவ்வளவுதான்.

குளம் இப்போது பழைய மாதிரி இல்லை. எங்கள் குளத்துக்கு ஊற்று கொடுத்தது நெய்யாறு இடதுகரைக் கால்வாய். 2004க்குப் பிறகு எங்கள் பக்கம் அதில் தண்ணீர் வருவதில்லை. கால்வாயில் ஆடு மேய்கிறது. மழை நன்றாகப் பெய்கிற வருஷம் மட்டும் குளம் நிறையும். போன வருஷம் நிறைந்தது. ஓண லீவுக்கு அவள் வந்திருந்தாள். சாயங்காலம் அம்மா துணி அலசப் படியில் இறங்கினாள், எழுபத்தெட்டு வயதிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. நான் மேலே கல்லில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை குளத்தின் நடுவுக்குப் போய் அங்கே நின்றாள். தோளும் நெஞ்சும் வெளியே, கை இரண்டும் தலைக்கு மேல். தண்ணீர் ஆடக்கூட இல்லை.

அம்மா துணியை வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஏழாம் படிக்கு அப்பறம் அங்க படி கெடையாதே. எதுல நிக்கிய பிள்ளே?"

"ஒண்ணுலயும் இல்ல ஆச்சி."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துணியைப் பிழியத் தொடங்கினாள்.

"எண்ணெ தேச்சுட்டா எறங்குன?" என்று கேட்டாள்.